ஏலத்துக்குப் போகும் வீட்டில் பிள்ளைக்கு ஓர் ஆள்

பழவேற்காட்டில் மீன் விற்கும் பெண்ணுக்கு நாள் இருட்டிலேயே தொடங்கிவிடுகிறது. படகு கரை சேரும் நேரத்துக்கு ஏலத்தில் நின்றால்தான் நல்ல இறாலோ நண்டோ மடவையோ கைக்கு வரும். எடுத்த சரக்கில் ஐஸ் போட்டு, பொன்னேரிக்கோ மீஞ்சூருக்கோ கொண்டுபோய் விற்று, கணக்கு முடித்து வீடு திரும்ப மதியம் தாண்டிவிடும். அங்கன்வாடி திறப்பது ஒன்பது மணி வாக்கில். இரவெல்லாம் ஏரியில் வலையோடு கிடந்த கணவர் அந்நேரத்தில்தான் அசந்து தூங்குவார். விடியற்காலை நான்கு மணியிலிருந்து ஒன்பது மணி வரை பிள்ளை யார் பொறுப்பு? அங்கன்வாடி விட்ட பிறகு அம்மா வரத் தாமதமானால் யார் பொறுப்பு? பெரும்பாலான வீடுகளில் இதற்கு மூன்று பதில்தான்: பாட்டி, பக்கத்து வீடு, மூத்த பெண்பிள்ளை.

அந்த மூன்றாவது பதிலை வீட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதற்காகவே இந்த அத்தியாயம். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒரு நாள் பள்ளிக்கு மட்டம் போடும் பெண், பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் போடுவாள். எட்டாம் வகுப்பு முடியும்போது பாடம் அவளை விட்டு வெகுதூரம் போயிருக்கும். சட்டமும் இந்த இடத்தில் அவளைக் காக்க வராது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபரிலிருந்தே குற்றம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு அந்த வயதுப் பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்க முடியாது. ஆனால் பள்ளி நேரம் போகச் சொந்தக் குடும்பத்துக்கு உதவுவதை அதே சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே மூத்த மகளின் படிப்பு முழுக்க முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. கூலி கொடுத்து ஓர் ஆள் வைப்பதை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால், அந்தப் பெண்ணின் பள்ளி வருகைப் பதிவை அவர்களிடம் காட்டுங்கள்.

மீன் விற்கும் பெண்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். காட்டுப்பள்ளிக்கும் அத்திப்பட்டுப் புதுநகருக்கும் வேன் ஏறி ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்களும், பள்ளி ஆசிரியைகளும் செவிலியர்களும் நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் மற்றவை அவர்களுக்கும் பொருந்தும்.

முதலில் மணிக்கணக்கு

ஆள் தேடுவதற்கு முன் ஒரு வாரம் உங்கள் வீட்டு நேரத்தை எழுதிப் பாருங்கள். அரசு ஏற்கெனவே தரும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. அங்கன்வாடியில் மதியச் சாப்பாடும் முட்டையும் உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு பள்ளியிலேயே கிடைக்கிறது. இவற்றைக் கழித்தால் உங்களுக்கு உண்மையில் ஆள் தேவைப்படுவது காலையில் ஐந்து மணி நேரம், பிற்பகலில் இரண்டு மணி நேரம் என்ற அளவில்தான் நிற்கும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் கணக்கு வேறு. அதற்கு முழு நாளும் ஆள் வேண்டும்.

ஏரியின் நேரம் அலுவலக நேரம் போல நிலையானதன்று. அமாவாசை, பௌர்ணமி வாக்கில் இறால் பாட்டுக்குத் தொழில் கூடும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் எந்த வீட்டு வலை எந்த நாளில் எங்கே நிற்கும் என்று பிரிக்கும் பாடு முறையில் வலை கட்டும் வீடுகளுக்கு முறை வரும் நாள் ஒரு மாதிரி, வராத நாள் வேறு மாதிரி. ஆகவே வருகிறவரிடம் 'தினமும் நாலு மணிக்கு வாங்க' என்று சொல்லிவிட்டு, பிறகு நாளுக்கு நாள் மாற்றாதீர்கள். எந்த நாள்களில் நேரம் மாறும், அதை எத்தனை நாள் முன்பே சொல்வீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். அடுத்த பத்து நாளின் முறையை நாள்காட்டியில் வட்டமிட்டு அவர் வீட்டிலும் ஒன்று மாட்டிவிட்டால் பாதிச் சண்டை வராது.

யாரைக் கேட்பது

வெளியூரிலிருந்து பெண்ணைக் கூட்டி வந்து வீட்டோடு வைத்துக்கொள்வது பற்றி யோசிக்கவே வேண்டாம். சிறுமியாக இருந்தால் குற்றம். பெரியவராக இருந்தாலும் இந்தச் சிறு வீடுகளில் அவருக்கென்று ஒரு மூலைகூட மிஞ்சாது. ஆள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கூடை தூக்கித் தூக்கி முதுகு போனதால் விற்பனையை விட்ட ஐம்பது வயதுக்காரர்கள் ஒவ்வொரு குப்பத்திலும் உண்டு. கணவரைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் உண்டு. பழவேற்காட்டு ஊருக்குள் பனையோலைப் பின்னல் செய்யும் முஸ்லிம் பெண்களில் சிலர் வீட்டிலிருந்தபடியே வருமானம் தேடுகிறவர்கள். உங்கள் பிள்ளையை அவர்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போகும் ஏற்பாடு இருவருக்கும் ஒத்துவரலாம்.

இருளர் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏரியில் இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீரில் மணிக்கணக்காக நின்று கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் அவர்கள். பிடித்ததைப் போடும் பறியை வாயில் கவ்விக்கொண்டே நகர்வார்கள். அப்படி உழைக்கும் தாயின் பிள்ளைக்கும் கரையில் ஓர் ஆள் தேவை என்பதை இந்த ஊரில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவர்களில் ஒருவரை உங்கள் வீட்டுக்கு வரச் சொன்னால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'உங்க பிள்ளைய யார் பாத்துக்குவாங்க?' என்பதுதான். பிள்ளையையும் கூட்டி வரச் சொல்லுங்கள். இரண்டு பிள்ளைகளும் ஒரே பாயில் விளையாடட்டும், ஒரே குண்டானிலிருந்து சாப்பிடட்டும். தனி டம்ளர், தனித் தட்டு, வாசலில் உட்காரவைப்பது ஆகியவற்றை நினைத்தாலே எனக்குப் பொறுக்காது. அது 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரைக்கும் போகக்கூடிய விஷயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் பிள்ளையின் வாயில் சோறு ஊட்டும் கை அது.

விசாரிக்கும்போது 'பிள்ளைன்னா உங்களுக்குப் பிடிக்குமா' என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். நடந்ததைக் கேளுங்கள். கடைசியாகப் பார்த்துக்கொண்ட பிள்ளை யாருடையது, அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது என்ன செய்தீர்கள், பிள்ளை விடாமல் அழுதால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அழுகிற பிள்ளைக்கு மருந்துக்கடை சிரப்பைக் கொடுத்துத் தூங்கவைப்பேன் என்று ஒருவர் சொன்னால் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். பிறகு அவரைப் பிள்ளையோடு வாசலில் உட்காரவைத்துவிட்டு, உள்ளே வேலை பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் கவனியுங்கள். பேசிக்கொண்டே இருக்கும்போதும் அவர் கண் பிள்ளையின் மேல் இருக்கிறதா? பேச்சை நிறுத்திவிட்டுப் பிள்ளை போன திசைக்கு எழுந்து போகிறாரா? ஆயிரம் சிபாரிசைவிட எனக்கு அதுதான் முக்கியம்.

பேச்சைத் தொடங்குவது

தெரிந்தவரிடம் கூலி பேசுவதுதான் இங்கே கடினம். அக்காவிடமும் பெரியம்மாவிடமும் காசைப் பற்றிப் பேசக் கூசும். அந்தக் கூச்சத்தால்தான் பல ஏற்பாடுகள் 'கூட மாட ஒத்தாசை' என்ற பெயரில் தொடங்கி, இரண்டே மாதத்தில் மனக்கசப்பில் முடிகின்றன. பேச்சு இப்படிப் போகலாம்:

'பெரிம்மா, காலைல புள்ளையப் பாத்துக்க ஆள் வேணும். நீங்க வரீங்களா? சும்மா இல்ல, மாசக் கூலிக்கு.'

'இன்னாடி கூலி? அவன் என் பேரன் மாதிரிதான?'

'மாதிரிதான் பெரிம்மா. அதுக்காக உங்க நேரத்த சும்மா வாங்க முடியுமா? நாலு மணிலேர்ந்து ஒம்பது மணி வரைக்கும். ஞாயித்துக்கெழம வேணாம். மாசம் அஞ்சாந்தேதி கையில குடுத்துடுவேன்.'

'நான் கோயிலுக்குப் போவணும்னா?'

'முன்னாடியே சொல்லுங்க, நான் அன்னிக்கு ஏலத்துக்குப் போவல. கூலியப் பிடிக்க மாட்டேன்.'

தொடக்கத்தில் இவ்வளவு பேசினாலே போதும். கூலியை அவர் வாயால் சொல்ல வைக்காதீர்கள். நீங்களே முதலில் ஒரு தொகையைச் சொல்லுங்கள். பாசத்துக்காகக் குறைத்துச் சொல்வது அவர்கள் வழக்கம். அந்தக் குறைவை லாபமாக எடுத்துக்கொள்வது நமக்கு அழகில்லை.

எவ்வளவு

தமிழக அரசு 2018-இல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்தபோது மணிக்கு 37 ரூபாயிலிருந்து தொடங்கியது. ஐந்து மணி நேரத்துக்கு 185. மாதம் 26 நாளுக்கு 4,810 ரூபாய். அன்றைய விலைவாசிக்கு வைத்த தொகை அது. இன்றைக்கு அதையே கொடுத்துவிட்டுச் சட்டப்படி கொடுத்தேன் என்று நிம்மதி அடைய வேண்டாம். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இன்னொரு அளவு இருக்கிறது. 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. அந்தக் கணக்கில் ஐந்து மணி நேரத்துக்கு 210, மாதத்துக்கு 5,460 ரூபாய். இதற்குக் கீழே போகாதீர்கள் என்பது என் கருத்து. இருட்டில் எழுந்து வருவதற்கு இதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பது நியாயம். தீபாவளிக்கோ ரம்ஜானுக்கோ கிறிஸ்துமஸுக்கோ, அவர் கொண்டாடும் பண்டிகைக்கு ஒரு மாதக் கூலி போனஸ் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாசி மகத்துக்கும் மகிமை மாதா திருவிழாவுக்கும் விடுப்பு வேண்டும் என்றால் அவர் கேட்கும்படி வைக்காமல் நீங்களே கொடுத்துவிடுங்கள்.

நாள் கூலியைவிட மாதக் கூலியே இங்கே பொருந்தும். காரணம் ஏரி. புயல் எச்சரிக்கை வந்தால் தொழில் நிற்கும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வரும். முகத்துவாரம் மணலடித்துத் தூர்ந்துபோனால் படகு கடலுக்குள் போகவே திண்டாடும். ஏரிக்குள் இறால் வருவதும் குறையும். இந்த நாள்களில் 'இன்னிக்கு ஏலம் இல்ல, நீங்க வர வேணாம்' என்று கூலியை வெட்டினால், கடல் செய்த வினையை ஏழை வீட்டின் மேல் ஏற்றுகிறோம். ஒரு வாரம் வரை தொழில் நின்றால் முழுக் கூலி, அதற்கு மேல் போனால் பாதிக் கூலி என்று முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். காசிமேட்டு விசைப்படகில் ஆளாகப் போகும் குடும்பம் என்றால் அந்த இரண்டு மாதத்துக்கு என்ன ஏற்பாடு என்பதைத் தையிலேயே பேசிவிடுங்கள். அவருக்கும் வேறு வேலை தேடிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

குழம்புக்கு மீன் கொடுப்பது நம் ஊர் வழக்கம், அது தொடரட்டும். ஆனால் மீனைக் கூலியில் கழிக்கக் கூடாது. மிஞ்சிப்போன மீனைக் கொடுத்துவிட்டு, இந்த மாதம் 300 ரூபாய் குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் வீடு, நல்ல ஆளை ஒரே மாதத்தில் இழக்கும்.

முன்பணம் இதைவிட ஆபத்தானது. நண்டுக்கும் இறாலுக்கும் முன்பணம் வாங்கி, பிடித்ததையெல்லாம் அந்த வியாபாரிக்கே அவர் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டிய நிலைமை என்னவென்று நம் வீடுகளுக்குத் தெரியும். நம் திருவள்ளூர் மாவட்டத்து அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணத்துக்காகக் கட்டிப்போடப்பட்ட இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட கதையும் புதிதன்று. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. அதன்படி கடனைக் காட்டி ஒருவரை வேலையில் பிடித்து வைக்க முடியாது. அவசரத்துக்கு அவர் பணம் கேட்டால் கொடுங்கள். ஒரு மாதக் கூலிக்கு மேல் போகாமல், நோட்டில் எழுதி, மாதம் கொஞ்சமாகக் கழியுங்கள். நடுவில் அவர் வேலையை விட்டுப் போனால் கடன் தனி, வேலை தனி. 'அடைச்சிட்டுப் போ' என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது.

தண்ணீர்

வேறு ஊர் வழிகாட்டிகளில் சமையலும் துணி துவைப்பதும் முதலில் வரும். நமக்கு முதல் வேலை, இரண்டாம் வேலை, மூன்றாம் வேலை எல்லாமே பிள்ளையைத் தண்ணீருக்கு விடாமல் பார்த்துக்கொள்வதுதான். வாசலிலிருந்து சில எட்டில் ஏரி இருக்கும் வீடுகள் எத்தனையோ. தவழும் பிள்ளைக்கு ஒரு சாண் தண்ணீர் போதும். அது ஏரியாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, மூடாத டிரம்மும் ஐஸ் கரைந்த தொட்டியும் போதும். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது. சத்தம் கேட்டு ஓடலாம் என்று யாரும் நம்பியிருக்க வேண்டாம்.

வங்கதேசத்தில் குளமும் வாய்க்காலும் சூழ்ந்த கிராமங்களில் இதே துயரம் பெரிய அளவில் இருந்தது. பிள்ளைகள் மூழ்குவது பெரும்பாலும் காலை ஒன்பதுக்கும் மதியம் ஒன்றுக்கும் நடுவே, தாய்மார்கள் வேலையில் மூழ்கியிருக்கும் நேரத்தில்தான் என்று அங்கே கண்டறிந்தார்கள். உடனே அந்த நேரத்துக்கு மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஒரே வீட்டில் கூட்டி, உள்ளூர்ப் பெண் ஒருவரைப் பயிற்சி கொடுத்துக் காவல் வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது வெகுவாகக் குறைந்தது. தண்ணீரிலிருந்து விலகிய பாதுகாப்பான இடத்தில் சிறு பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் இன்று பரிந்துரைக்கிறது. நம் ஊரில் ஆபத்தான நேரம் எது? வீட்டிலுள்ள எல்லாரும் படகையும் ஏலத்தையும் பார்க்க ஓடும் அந்த விடியற்காலைதான் என்று நினைக்கிறேன்.

வருகிறவரிடம் இதைப் பொதுவாகச் சொல்லாமல் இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். வாசலுக்குப் பிள்ளை தாண்ட முடியாத உயரத்தில் தட்டி. டிரம்முக்கு மூடி, மூடிக்கு மேல் கல். படகில் ஏறி விளையாடுவது கூடாது, கட்டியிருக்கும் படகானாலும். காலி கேன் ஒன்றில் நீளக் கயிறு கட்டி வாசல் பக்கம் எப்போதும் தொங்கட்டும். நீந்தத் தெரியாதவர் குதிக்காமல் அதை வீசலாம். என்ஜினுக்கான பெட்ரோலையும் மண்ணெண்ணெயையும் தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை அன்றோடு விடுங்கள். பிள்ளை தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

மூழ்கிய பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் கரையில் இன்னும் நடக்கிறது. அதில் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிள்ளையின் உயிர். மூச்சு இல்லையென்றால் தட்டையான இடத்தில் படுக்கவைத்து, தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, முதலில் ஐந்து முறை வாயில் ஊத வேண்டும். கைக்குழந்தை என்றால் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவே 30 அழுத்தம், இரண்டு ஊதல் என்று உதவி வரும்வரை நிறுத்தாமல் தொடர வேண்டும். இன்னொருவர் 108-க்கு அழைக்கட்டும். பொன்னேரி அரசு மருத்துவமனை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது; அந்தத் தூரத்தில் பிள்ளை பிழைப்பது கரையில் நிற்பவர் கையில்தான். இதைப் புத்தகத்தில் படித்தால் போதாது. சுகாதார நிலையச் செவிலியரிடம் கேட்டு நீங்களும் பிள்ளையைப் பார்க்க வருகிறவரும் சேர்ந்தே செய்து பழகுங்கள்.

மற்ற வேலைகள்

பிள்ளை தூங்கும்போது உலை வைப்பது, குழாயில் தண்ணீர் வரும்போது குடத்தை வைத்து எடுப்பது, பெரிய பிள்ளைக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்புவது ஆகியவற்றைக் கேட்கலாம். குடத்தோடு தெருக்குழாய்க்குப் போனால் பிள்ளையை யாரிடம் விடுவார் என்ற கேள்விக்கு விடை இல்லாவிட்டால் தண்ணீர் வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள். இறால் தலை கிள்ளுவது, நண்டு பிரிப்பது, வலை சிக்கெடுப்பது எல்லாம் தொழில் வேலை. அதற்கு வந்தவரிடம் தனிக் கூலி பேசுங்கள். பிள்ளையைப் பார்க்கும் நேரத்தில் அதைச் செய்யச் சொல்லாதீர்கள். இறாலைப் பார்க்கும் கண் பிள்ளையைப் பார்க்காது.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். நான்கு மணிக்கு நீங்கள் கிளம்பிவிட்டால் வீட்டில் இருப்பது தூங்கும் கணவரும், பிள்ளையும், வந்த பெண்ணும். அவர் பாதுகாப்பாக உணர வேண்டும். ஊர்ப் பேச்சுக்கும் ஆளாகக் கூடாது. மாமியார் உடனிருக்க முடியாவிட்டால் பிள்ளையை அந்தப் பெண்ணின் வீட்டுக்கே கொண்டுபோய் விடுவது நல்லது. அப்போது அவர் வாசல் தண்ணீருக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்துவிடுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டம் வீட்டுப் பணியாளருக்கும் பொருந்தும். மாவட்டத்தில் அதற்கென்று உள்ளூர்க் குழு இருக்கிறது. பெண்களுக்கான 181, பிள்ளைகளுக்கான 1098 இரண்டையும் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். அவருக்கும் அது தெரியட்டும்.

நாலு வீட்டுக்கு ஓர் ஆள்

மாதம் 5,460 ரூபாயை எப்படிக் கொடுப்பது என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். ஒரு நாள் கையில் நிற்பது மறுநாள் நிற்காத தொழில் இது. கூலியைக் குறைத்து இதைச் சமாளிக்காதீர்கள், வீடுகளைக் கூட்டுங்கள். நாலு வீடு சேர்ந்து ஒருவருக்கு மாதம் 8,000 கொடுத்தால் வீட்டுக்கு 2,000தான். பிள்ளைகள் ஐந்துக்கு மேல் வேண்டாம், அதில் தவழும் பிள்ளை இரண்டுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் என்றால் இரண்டாவது ஆள் வேண்டும்.

யார் வீட்டில் வைப்பது, பால் யார் வாங்குவது, ஒருவர் பணம் தராவிட்டால் என்ன செய்வது என்றெல்லாம் பிரச்சினை வரும். ஆனால் பங்கும் முறையும் நமக்குப் புதிதல்ல. எந்த வீட்டு வலை எந்த நாளில் எந்த இடத்தில் நிற்கும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பாடு முறையில் பிரித்து ஏரியைப் பகிர்ந்த ஊர்கள் இவை. அந்த ஒழுங்கை இந்த ஏற்பாட்டுக்கும் கொண்டுவரலாம். வாரத்துக்கு ஒரு வீடு முறை. அந்த வாரம் பாலும் பிஸ்கட்டும் அந்த வீட்டுப் பொறுப்பு. எல்லார் பணமும் ஐந்தாம் தேதிக்குள் மகளிர் குழுவின் ஒருவர் கையில் சேரும். அவரே கூலியைக் கொடுப்பார். தகராறு வந்தால் முதலில் அந்தக் குழுவே பேசட்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காருபவர்கள் ஆண்கள். பால் புட்டி கழுவாத வழக்கை அவர்கள் முன் வைப்பதில் யாருக்கும் பயனில்லை.

நோட்டும் வாரியமும்

இந்தியாவில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனியான மத்தியச் சட்டம் வருவதற்காகப் பல சங்கங்கள் நெடுங்காலமாகப் போராடி வருகின்றன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் இயற்றிய 189-ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இவர்களுக்கான சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்தச் சட்டம் வரும்வரை இரு தரப்புக்கும் காப்பு ஒரு நாற்பது பக்க நோட்டுதான். முதல் பக்கத்தில் வேலை நேரம், கூலி, விடுப்பு, தொழில் நின்றால் என்ன, நிறுத்த வேண்டுமானால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று எழுதி இருவரும் கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் அவர் வீட்டுப் பள்ளிப் பிள்ளையை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு பிரதி எழுதுங்கள். மாதாமாதம் கொடுத்த தொகையும் தேதியும் அதில் ஏறட்டும்.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007 முதல் தனி நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர் பதிவு செய்யலாம். பிள்ளைகளின் படிப்புக்கு, பிரசவத்துக்கு, விபத்துக்கு உதவித்தொகையும் 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியமும் உண்டு. ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றோடு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பொன்னேரிக்குச் சரக்கு கொண்டுபோகும் ஒரு நாளில் அவரையும் உடன் அழைத்துப்போய் இ-சேவை மையத்தில் முடித்துவிடுங்கள். செலவு உங்களுடையதாக இருக்கட்டும். அவரிடம் ஏற்கெனவே மீனவர் நல வாரிய அட்டை இருந்தால் எதில் தொடர்வது என்று தொழிலாளர் நலத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தீர்மானியுங்கள். பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 20 ரூபாய்தான். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். அவர் வங்கிக் கணக்கிலிருந்து அது ஆண்டுதோறும் கழியும்படி எழுதிக் கொடுக்கச் சொல்லி, அந்த 20 ரூபாயைக் கூலியோடு சேர்த்துக் கொடுங்கள்.

பிரியும்போது

பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் தேவை குறையும். அல்லது அவருக்கு உடம்பு முடியாமல் போகும். எதுவானாலும் ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் ஒரு மாதக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். பாக்கி, போனஸ் எல்லாவற்றையும் கடைசி நாளுக்கு முந்தின நாளே தீர்த்துவிட்டால் கடைசி நாளில் காசுப் பேச்சு இருக்காது. பிள்ளையிடமும் இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே சொல்லி வாருங்கள். அவர் திடீரென்று காணாமல் போனால் பிள்ளை இரவில் அழும். ஒரே குப்பத்தில்தான் இருக்கப்போகிறீர்கள், வாரத்துக்கு ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகலாம். எத்தனை ஆண்டு உங்கள் வீட்டில் வேலை செய்தார், எந்த வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார், முதலுதவி தெரியும் என்பதை ஒரு தாளில் எழுதி, உங்கள் பெயரையும் தேதியையும் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அடுத்து அவரைக் கேட்டு வரும் வீட்டிடம் அவர் கூலி பேச அந்தத் தாள் உதவும்.